காலண்டர் பார்த்து சர்வீஸ்: ஆலங்குளத்தில் ஓடும் 2007 மாருதி 800

பழைய கார் சந்தையில் மீட்டருக்குத்தான் மவுசு. "ஒரே கை வண்டி, அம்பாசமுத்திரம் தாண்டிப் போனதே இல்ல" என்று புரோக்கர் சொல்லிவிட்டால் கூடப் பத்தாயிரம் கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ஆலங்குளம் மாதிரி ஊர்களில் இப்படிப்பட்ட கார்கள் நிறைய உண்டு. காய்கறி மார்க்கெட், பேங்க், கோயில், கல்யாண வீடு என்று ஓடும். சீசன் வந்தால் குற்றாலம் போய்வரும். மற்ற நாளெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கும். பதினைந்து, இருபது வருஷம் ஆன பிறகும் மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்காது.

ஆனால் பானெட்டுக்கு அடியில் இருக்கும் பலவும் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. பிரேக் ஆயில், கூலன்ட், டைமிங் பெல்ட், டயர், பேட்டரி, ரப்பர் புஷ் எல்லாம் வண்டி நின்றுகொண்டிருந்தாலும் வயதாகிக்கொண்டே இருப்பவை. கம்பெனி மேனுவலில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று இதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறோம்.

அதிகம் ஓடாத பழைய காரைக் காலண்டரை வைத்துப் பராமரித்தால் அது எப்படி ஓடும்? எங்கள் வீட்டில் இருக்கும் 2007 மாடல் மாருதி 800-ஐ அப்படிப் பராமரித்து ஓட்டிய அனுபவத்தில் எழுதிய விமர்சனம் இது.

வண்டி

மாருதி 800-இன் முதல் சாவியை இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் கொடுத்தது 1983 டிசம்பர் 14 அன்று. குர்கான் ஆலையில் இதன் உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 2010-இல் பி.எஸ்.4 புகை விதி வந்தபோதே இதன் விற்பனை நின்றுவிட்டது. சிற்றூர்களில் மட்டும் இன்னும் சில வருஷம் புது வண்டி கிடைத்தது.

நம் வண்டி பி.எஸ்.3 வகை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். 37 குதிரைத்திறன், நான்கு கியர். எடை 650 கிலோவை ஒட்டி வரும். பெட்ரோல் டேங்க் 28 லிட்டர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். பவர் ஸ்டீயரிங் கிடையாது. டயர் 12 இஞ்ச்.

பழைய காரை வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது ஸ்பேர் கிடைக்குமா என்பதைத்தான். அந்த விஷயத்தில் 800 கொடுத்து வைத்த வண்டி. இதே 796 சி.சி. எஞ்சின் குடும்பம்தான் ஆம்னியிலும் ஆல்டோவிலும் ஓடியது. ஆம்னி 2019 வரையும் ஆல்டோ 800 வரிசை 2023 வரையும் உற்பத்தியில் இருந்தன. அதனால் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் போன்றவற்றுக்கு அலைய வேண்டியதில்லை. ஊரில் இல்லாவிட்டால் தென்காசி, அங்கும் இல்லாவிட்டால் திருநெல்வேலி. கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கருவி, டாஷ்போர்டு பிளாஸ்டிக் போன்றவைதான் சிரமம். அவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் பிடித்துச் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

சாலையில்

திருநெல்வேலி – தென்காசி சாலை இப்போது நான்கு வழி. மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் 800 தெம்பாகவே போகிறது. அதற்கு மேல் அழுத்தினால் எஞ்சின் சத்தம் கூடுகிறது. ஆனி, ஆடிக் காற்றில் 650 கிலோ வண்டி லேசாக ஆடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பகுதி முழுக்கக் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, இடது ஓரமாகப் போவது நல்லது.

ஊருக்குள் இந்த வண்டியை மிஞ்ச ஆளில்லை. காலையில் காய்கறி லோடு ஏற்றி இறக்கும் நேரத்தில் மினி லாரிக்கும் டூவீலருக்கும் நடுவே புகுந்து வர இந்த அளவு கார்தான் வசதி. கிளட்ச் லேசாக இருக்கிறது, கியர் தயங்காமல் விழுகிறது. பதினெட்டு வயது வண்டி என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் தெரியாது. அதற்குக் காரணம் எஞ்சினைவிடச் சஸ்பென்ஷனில் மாற்றிய ரப்பர்கள்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து மலை ஏற்றம். செங்கோட்டை தாண்டி, புளியரையில் இருந்து கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு போகும் கொல்லம் சாலை பழைய காருக்கு நல்ல பரீட்சை. ஏறும்போது கூலிங் சிஸ்டத்தையும் இறங்கும்போது பிரேக்கையும் சோதித்துவிடும். எஸ் வளைவில் கேரளா லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டவில்லை. இறங்கும்போது பிரேக் பெடல் கீழே போகவில்லை. இந்த இரண்டையும் சாதித்தவை கூலன்டும் பிரேக் ஆயிலும்.

பிரேக் ஆயில்: எல்லாரும் மறப்பது

பழைய காரில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும், காசு அவ்வளவுதான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டப்பா மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இதே கணக்கு 230, 155. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் அடிக்கும்போது டிஸ்கின் சூடு காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஏறுகிறது. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் தரை வரை போயும் வண்டி நிற்காமல் போகிறது. சீசன் முழுக்கச் சாரலில் நனையும் தென்காசிப் பக்கத்துக் கார்களுக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி கிடையாது.

ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக் முதலில் மேலே இருக்கும் டப்பாவில் பழைய ஆயிலை ஊசிக்குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுவார். பிறகு சக்கரம் சக்கரமாகப் போய், பிளீடிங் நிப்பிளில் ஒரு வெள்ளை டியூபை மாட்டி மறுமுனையைப் பாட்டிலுக்குள் விடுவார். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும். "மிதிங்க அண்ணாச்சி... பிடிச்சிக்கிடுங்க... இப்ப விடுங்க" என்று அடியில் இருந்து குரல் வரும். டியூபில் முதலில் வருவது டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அதோடு சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் வரும். மிதிக்க மிதிக்க நிறம் வெளுத்து, குமிழ் நின்று, கடைசியில் புது ஆயிலின் தெளிந்த மஞ்சள் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. நான்கும் முடிந்த பிறகு பெடலை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். முன்பு பாதி வரை போன பெடல் இப்போது மேலேயே கல் மாதிரி நிற்கும்.

அதே நேரத்தில் பின் டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தால் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பிரேக் ஷூவில் ஆயில் படிந்த பிறகு ஷூவையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். அதிகம் ஓடாத வண்டியில் பின் சிலிண்டர் துருப்பிடித்து இறுகுவதும் சகஜம். வண்டி இழுக்கச் சோம்பல்படுகிறது, பின் சக்கரம் தொட்டால் சுடுகிறது என்றால் அங்கே பாருங்கள்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றலாம். மீட்டரைப் பார்க்கவே வேண்டாம்.

கூலன்ட்: போர்த் தண்ணீர் ஆகாது

இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் உட்காருகிறது. வழியில் சூடாகிவிட்டது என்று டீக்கடையில் ஒரு குடம் வாங்கி ஊற்றுவது அவசரத்துக்குச் சரி. வீடு வந்ததும் அதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிவிட வேண்டும்.

கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. அதோடு சேர்ந்திருக்கும் துருத் தடுப்பு மருந்துகள்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட்டையும் வாட்டர் பம்பையும் அரிக்காமல் காக்கின்றன. அந்த மருந்து வருஷம் போகப் போகத் தீர்ந்துவிடும். பச்சை நிறம் அப்படியே இருப்பதால் கூலன்ட் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது. சாதாரண வகைக் கூலன்டை இரண்டு, மூன்று வருஷத்தில் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியும் ஒரு முக்கியமான பாகம். அதன் ஸ்பிரிங் அழுத்தத்தால்தான் கொதிநிலை இன்னும் மேலே போகிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊர்ப் பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் ஒன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பது. "நம்ம வெயிலுக்கு அது வேண்டாம், வண்டி ஹீட் ஆகாது" என்று சொல்வார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோலைக் கொடுக்கும். மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். சிறு தூரமே ஓடும் காருக்கு இது இரட்டைக் கேடு. பழைய கார் வாங்கியதும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டர் ஃபேனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஏ.சி.யை அணைத்துவிட்டு வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். முள் மேலே ஏறியும் ஃபேன் ஓடவில்லை என்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

எஞ்சின் ஆயில்: குறைந்த ஓட்டம்தான் கடினமான ஓட்டம்

வீட்டில் இருந்து மார்க்கெட்டுக்கும் மார்க்கெட்டில் இருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடும் கார் ஒருபோதும் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, சூடான எஞ்சினில் வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினில் ஆயிலோடு கலந்து தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்மையாகக் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் இதுதான் விஷயம். அதோடு ரேடியேட்டரில் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலன்ட் அளவு மாறவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஆயிலை மாற்றி நீண்ட தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

5,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். எங்கள் ஓட்டத்துக்கு வருஷம்தான் முதலில் வரும். ஆயிலோடு ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மேனுவலில் சொன்ன கிரேடையே போடுங்கள். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயிலை மூன்று வருஷம் வைத்திருப்பதைவிடச் சாதாரண மினரல் ஆயிலை வருஷா வருஷம் மாற்றுவது இந்த எஞ்சினுக்கு நல்லது.

கூடவே செலவே இல்லாத ஒரு மருந்து உண்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டியை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல ஓட்டுங்கள். பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசி போய்த் திரும்பினால் போதும். ஆயிலில் உள்ள ஈரம் போகும், பேட்டரி சார்ஜ் ஆகும், பிரேக் துரு உதிரும், டயர் ஒரே இடத்தில் அமுங்கி உருமாறாமல் இருக்கும். வீட்டு வாசலில் வெறுமனே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவதில் பயன் இல்லை. ஸ்டார்ட் செய்யும்போது இழந்த சார்ஜைக்கூட பேட்டரி திரும்பப் பெறாது.

ஏர் ஃபில்டர் ஒன்றை மட்டும் கிலோமீட்டரையும் வருஷத்தையும்விட ஊரைப் பார்த்து மாற்ற வேண்டும். கல் குவாரி லாரிகள் ஓடும் சாலை, காற்றுக் காலத்துப் புழுதி இரண்டும் நமக்கு உண்டு. காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாகக் காற்றடித்துத் தட்டலாம். காற்றுக் காலம் முடிந்ததும் புதிதாகப் போட்டுவிடலாம்.

ரப்பர்: பெல்ட், புஷ், டயர்

இந்த எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வண்டி நடுரோட்டில் அப்படியே நிற்கும். பல எஞ்சின்களில் வால்வும் வளைந்து ஹெட்டையே இறக்க வேண்டிவரும். பெல்ட்டைப் பார்த்து அதன் ஆயுளைச் சொல்ல முடியாது. நன்றாக இருப்பதுபோலவே தெரியும், ஒரு நாள் அறுந்துவிடும். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து வருஷம் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. திறக்கும்போது டென்ஷனரையும் ஆயில் சீல்களையும் கூடவே மாற்றி, வாட்டர் பம்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் கூலி ஒரு தடவையோடு முடியும்.

சஸ்பென்ஷன் புஷ் பற்றி முன்பு சொன்னேன். பழைய கார் "கடகட" என்று சத்தம் போட்டால் பலரும் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். முதலில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, லோயர் ஆர்மை நெம்புகோலால் அசைத்துப் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்துப் பிதுங்கியிருந்தால் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. புஷ் விலை சில நூறு, ஷாக் விலை சில ஆயிரம். எங்கள் வண்டியில் முன்பக்கப் புஷ்களையும் ஸ்டெபிலைசர் ரப்பர்களையும் மாற்றியதும் ஸ்டீயரிங்கில் இருந்த தொளதொளப்பு போய்விட்டது. கொடுத்த காசுக்கு இவ்வளவு மாற்றம் தந்த வேலை வேறு எதுவும் இல்லை.

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது ஒன்று சொல்லிவிடுங்கள். கழுவி முடித்ததும் வண்டியின் அடியில் டீசல் அடிக்கும் வழக்கம் உண்டு. பளபளப்பாகத் தெரியும். ஆனால் டீசல் இந்த ரப்பர்களை ஊதவைத்து இளக்கிவிடும். தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

டயரின் வயதைப் பக்கவாட்டில் படிக்கலாம். டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரம் செய்த டயர். அதிகம் ஓடாத காரில் பட்டன் அப்படியே இருக்கும், பக்கச் சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். ஆறு வருஷம் தாண்டிய டயரை, பட்டன் இருக்கிறது என்பதற்காக நான்கு வழிச்சாலையில் நம்பக் கூடாது. ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள்.

20 சதவீத எத்தனால்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதைத் தாங்கும் பொருள்களால் செய்யப்பட்டவை. 2007 வண்டி அப்படியில்லை.

லிட்டர் கணக்கில் பார்த்தால் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இந்தப் பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. எங்கள் வண்டியில் ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 15 கிலோமீட்டரை ஒட்டிக் கிடைக்கிறது. முன்பு 16-க்குக் குறையாது.

மைலேஜைவிட நான் கவலைப்படுவது பெட்ரோல் ஹோஸைப் பற்றித்தான். பழைய வகை ரப்பரை எத்தனால் இறுகவைத்து வெடிக்கச் செய்யும். பெட்ரோல் கசிவு என்றால் தீ. அதனால் டேங்கில் இருந்து எஞ்சின் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டோம். ஃபியூயல் ஃபில்டரும் புதிது. காலையில் கார் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவது நல்லது.

எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் காரின் இரும்பு டேங்கில் அடியில் துரு வர இது வழி செய்யும். தேவைக்கு அளவாகப் போட்டு, ஓட்டித் தீர்த்து, மறுபடி போடுவதுதான் இந்தப் பெட்ரோலுக்கு ஏற்ற பழக்கம்.

குற்றாலத்து ஈரம், வயல்காட்டு எலி

நாம் தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இல்லை. அதனால் உப்புக் காற்றுத் துரு இங்கே குறைவு. ஆனால் ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ குளித்துவிட்டு ஈரத்துணியோடு நான்கைந்து பேர் ஏறி உட்காருகிறோம். அந்தத் தண்ணீர் மேட்டுக்கு அடியில் இறங்கி, கார்ப்பெட்டின் பஞ்சில் ஊறி, வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போது உள்ளே தரைத் தகடு ஓட்டையாகும். பழைய கார் பார்க்கப் போனால் ரப்பர் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். புழுங்கல் வாடை அடித்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள். குற்றாலம் போய்வந்த மறுநாள் மேட் எல்லாவற்றையும் எடுத்து, கதவுகளைத் திறந்து வெயிலில் வையுங்கள்.

மரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை இன்னொரு இடம். வேப்பிலையும் புளிய இலையும் சேர்ந்து தண்ணீர் போகும் துளையை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் அங்கே தேங்கிக் காருக்குள் இறங்கும். மாதம் ஒரு முறை கையை விட்டு வாரிவிட்டால் போதும்.

வீட்டுக்குப் பக்கத்தில் வயல் இருந்தால் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவில் எஞ்சின் சூட்டுக்கு வந்து ஒண்டும், வயரைக் கடிக்கும். காருக்குள் முறுக்கு, மிக்சர் பொட்டலம் விடக் கூடாது. நெல் குவித்த இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது. அறுவடை நாட்களில் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்ல பழக்கம். கடித்த வயரை டேப் சுற்றி விடாமல் சரியாகச் சால்டர் செய்து உறை போடச் சொல்லுங்கள்.

ஆர்.சி.யும் கணக்கும்

தனிப்பட்ட காரின் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். டெல்லி சுற்றுவட்டாரத்தில் உள்ளது போன்ற வயது வரம்பு தமிழ்நாட்டில் சொந்தக் கார்களுக்கு இல்லை. ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டி என்பதால் புகைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் நேரத்தில் மாற்றிய எம்.பி.எஃப்.ஐ. வண்டி அந்தச் சோதனையில் திணறாது.

செலவு எவ்வளவு? வருஷத்துக்கு ஆயில் சர்வீஸ் சுமார் 2,500 ரூபாய். டயர், பேட்டரி, டைமிங் பெல்ட், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை அவற்றின் ஆயுளால் வகுத்துப் போட்டால் வருஷத்துக்கு 4,500 அளவில் வரும். 1,000 சி.சி.க்குக் குறைந்த காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் 2022-இல் அறிவித்தபடி 2,094 ரூபாய், வரி சேர்த்தால் 2,500-க்குக் கொஞ்சம் குறைவு. எதிர்பாராத ரிப்பேருக்கு 5,000 ஒதுக்குங்கள். எல்லாம் சேர்ந்து 15,000-க்குள் அடங்கும். புதுக் காருக்கு 5 லட்சம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 10,380. ஒன்றரை மாதத் தவணையில் பழைய கார் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது.

எதை எதிர்பார்க்கக் கூடாது

எவ்வளவு பராமரித்தாலும் இந்த வண்டியில் ஏர்பேக் முளைக்காது, ஏ.பி.எஸ். வராது. இந்தியாவில் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும் டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலையிலும்தான் கட்டாயமாயின. 2007 கார் அதற்கெல்லாம் முந்தியது. மெல்லிய தகடு, குட்டி உடம்பு. நான்கு வழிச்சாலையில் நிதானமான வேகம், பெல்ட் கட்டாயம், இரவு நேர நெடும்பயணம் வேண்டாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குடும்பத்தோடு அடிக்கடி மதுரை, சென்னை போகிறவர்கள் புது வண்டி வாங்குவதே சரி. ஆக்சில் பக்கத் தகடும் தரையும் அரித்துப்போன வண்டியையும் பிடித்து வைத்திருக்க வேண்டாம். எஞ்சினை மீட்கலாம், அரித்துப்போன உடம்பை மீட்பது நஷ்டம்.

சுவரில் மாட்டிக்கொள்ள

வாரம்: அரை மணி நேர ஓட்டம், ஆயில், கூலன்ட் அளவு, டயர் காற்று.
மாதம்: பேட்டரி முனைகள், வைப்பர் சல்லடை, மேட்டுக்கு அடியில் ஈரம், பெட்ரோல் ஹோஸ்.
வருஷம்: எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ, பேட், சஸ்பென்ஷன் ரப்பர் சோதனை.
இரண்டு வருஷம்: பிரேக் ஆயில், கூலன்ட்.
ஐந்து வருஷம்: டைமிங் பெல்ட்.
ஆறு வருஷம்: டயர்.

தீர்ப்பு

உடம்பு துருவில்லாமல் இருக்கிற, ஊர் ஓட்டத்துக்குப் பயன்படுகிற மாருதி 800 இன்றைக்கும் வைத்துக்கொள்ளத் தகுந்த கார். புளியரை இறக்கத்தில் அது நம்பிக்கை தருகிறதா இல்லையா என்பதை மீட்டரில் உள்ள எண் சொல்லாது, பிரேக் ஆயில் மாற்றிய தேதி சொல்லும். பழைய கார் வாங்கப் போனால் "எவ்வளவு ஓடியிருக்கு?" என்று கேட்பதற்கு முன் "எதை எப்ப மாத்துனீங்க, பில் இருக்கா?" என்று கேளுங்கள். பில் கட்டோடு வருகிற ஒரு லட்சம் கிலோமீட்டர் வண்டியை, பில்லே இல்லாத முப்பதாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிடக் கூடுதல் விலை கொடுத்தே வாங்கலாம். உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கார் நிற்கிறது என்றால், விற்பதற்கு முன் பிரேக் ஆயிலையும் எஞ்சின் ஆயிலையும் கூலன்டையும் மாற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விற்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.